ஸ்டீல் கிட்டாருக்கு எந்த டிலே பெடல்?

கேள்வி: நான் அயனம்பாக்கத்தில் வசிக்கிறேன். எட்டுத் தந்தி லேப் ஸ்டீல் கிட்டார் வைத்திருக்கிறேன், சி6 ட்யூனிங். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீர்த்தனைகளும் பாமாலைகளும், மற்ற நாட்களில் நண்பர்களின் லைட் மியூசிக் குழுவில் பழைய சினிமாப் பாடல்களும் வாசிப்பேன். அம்பத்தூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் நண்பர், "ஒரு டிலே போட்டால் வாசிப்பு நிறைஞ்சு கேட்கும்" என்றார். குழுவின் கிட்டாரிஸ்டிடம் போஸ் டிடி-8 பெடலை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அவர் கையில் அழகாகக் கேட்ட அதே செட்டிங், என் வாசிப்பில் குழம்பிப் போகிறது. சுருதி விலகியதுபோல் கேட்கிறது. சிலர் எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? எப்படி செட் செய்வது?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பெடலிலும் பழுதில்லை, உங்கள் சுருதியிலும் பழுதில்லை. மேளம் (ஃப்ரெட்) போட்ட கிட்டாருக்கு வைத்த செட்டிங்கை, மேளமே இல்லாத வாத்தியத்துக்குப் போட்டதுதான் சிக்கல்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். உங்கள் நண்பர் கிட்டாரில் ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்த ஃப்ரெட்டுக்குத் தாவுகிறார். அவர் எழுப்புவது தனித்தனி சுரங்கள். டிலே அவற்றைத் திருப்பிச் சொல்லும்போது, பெரும்பாலும் அதே கார்டில் உள்ள சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அது ஒரு ஆர்ப்பெஜியோ போல இனிக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஜாரு வாத்தியம், அதாவது தந்திமேல் இரும்பு பாரை வழுக்கி வாசிப்பது. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் பாரை இழுத்தால், நடுவில் உள்ள அத்தனை ஒலிநிலைகளும் பெடலுக்குள் போகின்றன. அந்த இழுப்பு கால் நொடியில் முடிகிறது, அதாவது 250 மில்லிசெகண்ட். டிலே நேரம் 380 என்று வைத்திருந்தால், நீங்கள் பஞ்சமத்தில் வந்து நின்று கார்வை கொடுக்கத் தொடங்கியபின் அதே ஜாரு மறுபடி அடியிலிருந்து ஏறி வருகிறது. நிற்கும் பஞ்சமத்துக்குக் கீழே இன்னொன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. கேட்பவர் அதை எதிரொலி என்று பிரித்துக் கேட்பதில்லை. உங்கள் பார் நிலைகொள்ளவில்லை என்றே நினைக்கிறார்.

அரை சுர இடைவெளியில் இது இன்னும் கடுமை. மாயாமாளவகௌளையில் ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு நகருங்கள். சுருதி சி என்றால் ஷட்ஜம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ், ரிஷபம் 277. திரும்பி வரும் ஷட்ஜமும் ஒலித்துக்கொண்டிருக்கும் ரிஷபமும் மோதி நொடிக்குப் பதினைந்து தடவை அதிரும். அந்த அதிர்வைத்தான் காது "சுருதி விலகல்" என்று சொல்கிறது. கார்டு வாசிப்பிலும் இதே கதை. சி6 ட்யூனிங்கில் 12ஆம் ஃப்ரெட் குறியில் சி கார்டு, 5ஆம் குறியில் எஃப். சியிலிருந்து எஃபுக்கு இறங்கினால், பழைய கார்டின் ஈ சுரம் டிலேயில் வந்து புதிய கார்டின் எஃப் சுரத்தோடு உரசும். கீர்த்தனைகளில் ஒரு வரிக்கு ஒரு தடவையாவது இந்தக் கார்டு மாற்றம் வந்துவிடும்.

நம் ஊரில் இதே வகை வாத்தியம் ஒன்று இந்தப் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்து வைத்திருக்கிறது. கோட்டுவாத்தியம் என்னும் சித்திரவீணையும் மேளம் இல்லாதது, மேலே கட்டையை நகர்த்தி வாசிப்பது. கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் அதில் அனுநாதத் தந்திகளைச் சேர்த்தார். இன்றைய சித்திரவீணையின் 21 தந்திகளில் 12 அந்த வகை. ஹவாயன் கிட்டாரை மோகன வீணையாக மாற்றிய விஸ்வமோகன் பட்டும் அனுநாதத் தந்திகளைத்தான் நாடினார். அந்தத் தந்திகள் ராகத்தின் சுரங்களுக்கு மட்டும் கூட்டப்பட்டிருக்கும். பார் ஒரு சுரத்தில் வந்து நிற்கும்போது அதற்குரிய தந்தி பாடும். ஜாரு கடந்துபோகும் இடைநிலைகளுக்கு அவை அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே வாத்தியம் நிறைந்தும் ஒலிக்கும், சுருதியும் தெளிவாக இருக்கும். டிலே பெடலுக்கு அந்த விவேகம் கிடையாது. போட்டதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடுக்கும். எது கேட்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் குமிழ்களிலும் காலிலும் செய்தாக வேண்டும்.

இந்தியாவில் ஹவாயன் கிட்டார் பெரிதாக வளர்ந்த ஊர் கல்கத்தா. ஹவாயின் தாவ் மோ 1940களில் குடும்பத்தோடு அங்கே தங்கி வாசித்தார். அந்த ஊரில் சுனில் கங்குலி, படுக் நந்தி போன்றவர்கள் ரவீந்திர சங்கீதத்தையும் சினிமாப் பாட்டையும் இதில் வாசித்து இசைத்தட்டுகளாக வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார்கள். இந்துஸ்தானி ராகத்தை முழுமையாக இதில் நிறுத்திக் காட்டியவர் பிரிஜ் பூஷண் காப்ரா. 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் சேர்ந்து கொடுத்த 'கால் ஆஃப் தி வேலி' இன்றும் கிடைக்கிறது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பெடல் பற்றிக் கடைக்காரரும் கிட்டாரிஸ்டும் சொல்வது மேளம் போட்ட கிட்டார் அனுபவம். அமெரிக்காவிலிருந்து வரும் ஸ்டீல் கிட்டார் ஆலோசனை கன்ட்ரி இசைக்கானது. கமகம் வாசிக்கும் கைக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் பொருந்தும். காப்ராவின் அந்த இசைத்தட்டில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் வழி எவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் எந்தப் பெடல் போட்டாலும் அந்தத் துலக்கம் குறையக் கூடாது. இதுதான் என் ஒரே நிபந்தனை.

இனி செட்டிங். முதலில் தொட வேண்டியது மிக்ஸ் அல்லது லெவல் குமிழ். டைம் குமிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வரும் ஒலி, நேர் ஒலியில் கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க ஒரு வழி: பாட்டை வாசித்துக்கொண்டே மிக்ஸைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், யாரையாவது விட்டு. எதிரொலி தனியாகக் காதில் விழுந்த கணம் நிறுத்தி, அங்கிருந்து ஒரு துளி பின்னால் இறக்குங்கள். அதுதான் உங்கள் இடம். பெடலை அணைத்தால் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும். போட்டிருக்கும்போது போட்டிருப்பதே தெரியக் கூடாது.

அடுத்து ஃபீட்பேக், சில பெடல்களில் ரீஜென் என்றிருக்கும். எதிரொலி எத்தனை தடவை வர வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். இரண்டு போதும். மூன்றாவது, காதைத் தீட்டிக் கேட்டால்தான் கேட்க வேண்டும்.

டைம் குமிழில் எனக்கு இரண்டு இடங்கள்தான் பிடிக்கும். ஒன்று 90 முதல் 130 மில்லிசெகண்ட் வரை. இதில் எதிரொலி ஜாரு நடந்துகொண்டிருக்கும்போதே வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். தனி எதிரொலியாகக் கேட்காது, தந்தி கொஞ்சம் தடித்ததுபோல் கேட்கும். வேகமான பாட்டுக்கும், கமகம் அதிகமுள்ள பாட்டுக்கும் இதை வையுங்கள். மற்றொன்று 330 முதல் 400 வரை. நீண்ட கார்வை உள்ள மெதுவான பாட்டுக்கு இது பொருந்தும். நடுவில் 180 முதல் 280 வரை உள்ள பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் ஜாருவின் நீளமும் ஏறக்குறைய அதுதான். நீங்கள் சுரத்தில் வந்து உட்காரும் அதே நொடியில் எதிரொலி கிளம்பும். கேட்பவர் காது சுரத்தை நிச்சயப்படுத்திக்கொள்ளும் அந்த நொடியில் குழப்பம் வந்தால் மீட்க முடியாது.

காலப்பிரமாணத்துக்கு ஏற்றபடி வைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கணக்கு எளிது: 60,000ஐ பிபிஎம் எண்ணால் வகுத்தால் ஒரு அட்சரத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 80 பிபிஎம் பாட்டுக்கு 750, அதில் பாதி 375. இந்த 375 மேலே சொன்ன இரண்டாவது இடத்தில் சரியாக உட்காரும். திஸ்ர நடைப் பாட்டானால் மூன்றில் ஒன்று, 250. அது தவிர்க்கச் சொன்ன பகுதியில் விழுகிறது, ஆகவே அதில் பாதியாக 125 வையுங்கள். ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் எவரும் ஒரு தடவையாவது முயன்று பார்க்கும் 'ஸ்லீப் வாக்' (சான்டோ அண்ட் ஜானி, 1959) இப்படி மூன்று மூன்றாக நடக்கும் மெட்டுதான். மிக்ஸைக் குறைவாக வைத்திருக்கும்வரை, தாளத்துக்குச் சற்றே முன்பின் போனாலும் யாருக்கும் தெரியாது. கணக்கைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான உபயோகம் ஒன்று உண்டு. டேனியல் லன்வா பெடல் ஸ்டீலை நீண்ட எதிரொலிக்குள் மிதக்க விடுகிறவர். பிரையன் ஈனோவோடு 1983இல் செய்த 'அப்போலோ' தொகுப்பில் கேட்கலாம். அங்கே சுரங்கள் குறைவு, நகர்வு மிக மெதுவானது, பல நேரம் ஒரே கார்டுக்குள்ளேயே வட்டமிடுகிறார். அதனால் மோதல் இல்லை. உங்கள் ஆராதனையில் ஜெப நேரத்தில் பின்னணியாக மெல்ல வாசிப்பீர்கள் அல்லவா, அங்கே இது பொருந்தும். 700 மில்லிசெகண்ட், நாலைந்து எதிரொலி, வால்யூம் பெடலால் மெல்ல ஊதிவிட்ட கார்டு. கார்டு மாறும்முன் எதிரொலி அடங்கும்வரை காத்திருங்கள்.

எதை வாங்குவது? எதிரொலியின் நிறம் இங்கே முக்கியம். 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டியரும் ஒரு சில்லுக்கான யோசனையைக் கொடுத்தார்கள். மின்னூட்டத்தை ஒரு கண்டன்சரிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு என்று வரிசையாகக் கைமாற்றும் சில்லு. தீப்பிடித்த இடத்துக்கு வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றுவதைப் போல என்பதால் 'பக்கெட் பிரிகேட்' என்றே பெயர். 1981இல் வந்த போஸ் டிஎம்-2 போன்ற அனலாக் டிலேக்கள் எல்லாம் இதன் பிள்ளைகள். 4096 படிகள் கொண்ட சில்லில் 300 மில்லிசெகண்ட் டிலே வேண்டுமானால், கைமாற்றும் வேகத்தை நொடிக்கு ஏழாயிரம் தடவைக்கும் கீழே இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் மூவாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வடிகட்டியே ஆக வேண்டும். பழைய டெலிபோனில் குரல் கேட்கும் அளவுக்குத்தான் எதிரொலி கேட்கும். பொறியியல் கண்ணில் இது குறை. நமக்கு இது வரம். பார் தந்தியில் உரசும் சத்தம், விரல் பிக்கின் 'டிக்', தந்தியை அடக்கும்போது வரும் சின்னத் தட்டல் எல்லாம் அந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன. அனலாக் டிலேயில் அவை திரும்பி வருவதில்லை. மொழுக்கென்ற ஒரு நிழல்தான் வருகிறது. ஊர்ந்து வரும் ஜாருவும் மங்கலாக வருவதால் நேர் சுரத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை.

டிஜிட்டல் டிலே இதற்கு நேர்மாறு. 1983 கடைசியில் போஸ் டிடி-2 வந்ததிலிருந்து அந்த வகையின் பெருமையே துல்லியம்தான். போட்டதைப் பளிச்சென்று திருப்பித் தரும். பிக்கின் டிக்கையும் சேர்த்து. நீங்கள் இரவல் வாங்கிய டிடி-8இல் பதினோரு மோடுகள் உண்டு. உங்கள் நண்பர் ஸ்டாண்டர்டில் வைத்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன். திருப்பிக் கொடுக்கும் முன் அதை அனலாக் அல்லது டேப் மோடில் வைத்து, மிக்ஸை நான் சொன்ன வழியில் குறைத்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது கார்பன் காப்பிதான். 2008இல் வந்த பெடல், பக்கெட் பிரிகேட் வகை, 600 மில்லிசெகண்ட் வரை போகும், மூன்றே குமிழ்கள். ஸ்டீல் வாசிப்பவருக்குக் கண் பாரை விட்டு நகர முடியாது. மேளம் தொட்டறிந்து வாசிப்பவர் குனிந்து பெடலில் மோடு மாற்றலாம், நாம் கண்ணை எடுத்தால் சுருதி போய்விடும். ஆகவே குமிழும் மோடும் குறைவாக இருப்பதே நமக்கு நல்லது. ஜெப நேரப் பின்னணி வாசிப்புதான் உங்களுக்கு முக்கியம், பாட்டு இரண்டாம்பட்சம் என்றால் மட்டும் டிடி-8ஐச் சொந்தமாக வாங்குங்கள். நீண்ட டிலேயும், பெடலை அணைத்தாலும் எதிரொலி அறுபடாமல் தானாக அடங்கும் வசதியும் அதில் உண்டு.

வாங்கும்போது உங்கள் கிட்டார், பார், வால்யூம் பெடல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அண்ணா சாலையில் 1842இலிருந்து நடக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் வாசித்துப் பார்க்கக் கேட்கத் தயங்காதீர்கள். கடையில் பெடலைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் கார்டு அடித்துப் பார்ப்பார்கள். நீங்கள் 12ஆம் ஃப்ரெட்டில் ஒரே ஒரு தந்தியை மீட்டி அது அடங்கும்வரை கேளுங்கள், எதிரொலியின் அடியில் 'ஸ்ஸ்' இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். பிறகு அரை சுர ஜாரு ஒன்று, ஏற்றத்திலும் இறக்கத்திலும். பிறகு சியிலிருந்து எஃபுக்கு ஒரு கார்டு மாற்றம். கடைசியாகத் தந்தியைச் சட்டென்று அடக்கிவிட்டு, திரும்பி வருவதில் தட்டல் கேட்கிறதா என்று பாருங்கள். இந்த நாலையும் தாண்டும் பெடல் எந்த பிராண்டாக இருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: வால்யூம் பெடலை டிலேக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? இருவிதமாகவும் சொல்கிறார்கள்.

பதில்: முன்னால். கிட்டார், வால்யூம் பெடல், டிலே, ரிவெர்ப் இருந்தால் அது, பிறகு ஆம்ப் அல்லது மிக்சர். ஸ்டீல் கிட்டாருக்கு இந்த வரிசையை மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வால்யூம் பெடல் பின்னால் இருந்தால், நீங்கள் காலை எடுத்ததும் எதிரொலியும் சேர்ந்து அறுந்துபோகும். முன்னால் இருந்தால் நேர் ஒலி நின்றபின்னும் எதிரொலி தன் போக்கில் அடங்கும். எல்லோரும் சொல்லும் காரணம் இது. ஜாரு வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நல்ல ஸ்டீல் வாசிப்பில், தந்தியை மீட்டும்போது பெடல் பாதியில் இருக்கும். ஒலி தேயத் தேய, கால் மெல்ல அழுத்தி அதை ஈடுகட்டும். ஜாரு நடப்பது தொடக்கத்தில், அதாவது பெடல் பாதியில் இருக்கும்போது. எனவே டிலேக்குள் அது அடக்கமாகவே போகிறது. அது திரும்பி வரும் நேரத்தில் நீங்கள் கார்வையில் நிற்கிறீர்கள், கால் அழுத்திக்கொண்டிருக்கிறது. நேர் சுரம் திடமாக மேலே நிற்க, ஊர்ந்து வரும் நிழல் அதன் அடியில் மறைந்துவிடுகிறது. 330 முதல் 400 வரை வைக்கலாம் என்று நான் தைரியமாகச் சொன்னது இந்தக் காலை நம்பித்தான். வால்யூம் பெடலே இல்லாமல் வாசிப்பவருக்கு 130க்கு மேல் போக வேண்டாம் என்பேன்.

இதைப் பழக ஒரு பயிற்சி: டிலேயை அணைத்துவிட்டு, ஒரே சுரத்தை மீட்டி, எட்டு அட்சரம் வரை ஒலி ஒரே அளவில் நிற்கும்படி காலால் பிடியுங்கள். அது வந்தபின் ஒரு ஜாருவை முன்னால் சேர்த்துச் செய்யுங்கள். அப்புறம் டிலேயைப் போடுங்கள். டிலே போட்டே பழகுகிறவர்களுக்குத் தந்தியை அடக்கும் கை சோம்பிவிடுகிறது. அடங்காத தந்தியின் ஒலியை எதிரொலி மூடிவிடும், அணைத்தால்தான் அலங்கோலம் தெரியும்.

இன்னொரு சங்கதி. சாதாரண வால்யூம் பெடலுக்குள் இருப்பது ஒரு பொட்டென்ஷியோமீட்டர்தான். பிக்கப்பை நேராக அதில் செருகினால், அதற்கப்புறம் நீளமான ஒயரும் சேர்ந்தால், மேல் ஸ்தாயியின் பொலிவு கொஞ்சம் மங்கும். ஒலி மந்தமாகிறது என்று தோன்றினால் வால்யூம் பெடலுக்கு முன்னால் ஒரு பஃபர் வையுங்கள். பஃபர் உள்ள ஏதாவது ஒரு பெடல், உதாரணமாக போஸ் ட்யூனர், ஆன் செய்யாமலே அந்த வேலையைச் செய்துவிடும்.

வலது கால் வால்யூம் பெடலில் மாட்டிக்கொண்டிருக்கும். டிலேயைத் தரையில் வைத்து இடது காலால் தேடுவதைவிட, கிட்டார் ஸ்டாண்டின் காலிலோ பக்கத்தில் ஒரு ஸ்டூலிலோ கைக்கெட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் டைம் குமிழைக் கையால் திருப்புவதுதான் எளிது. குமிழின் ஓரத்தில் உங்கள் இரண்டு இடங்களுக்கும் வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இருட்டு மேடையிலும் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பெடலில் 'கர்ர்' என்று சத்தம் வருகிறது. சில மேடைகளிலும் வருகிறது. அடாப்டர் மாற்ற வேண்டுமா?

பதில்: பழைய வகை ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் சத்தம் வரத்தான் செய்யும். அதன் மின்சாரம் வளைந்து வராமல் வெட்டி வெட்டி வருகிறது, பிக்கப் அதைப் பிடித்துக்கொள்கிறது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது பெரிதும் குறையும். லேப் ஸ்டீலில் சிங்கிள் காயில் பிக்கப் இருந்தால் கரண்ட் இருக்கும்போதும் 50 ஹெர்ட்ஸ் முனகல் இருக்கும். உட்காரும் திசையைக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் அடங்கும். டிலே இந்த முனகலையும் திருப்பிச் சொல்லிப் பெருக்கும் என்பதால், வாசிக்காத நேரத்தில் வால்யூம் பெடலை முழுக்க மூடி வையுங்கள்.

அடாப்டர் விஷயத்தில் கவனம் தேவை. இந்தப் பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் வைஃபை ரூட்டர் அடாப்டரும், பல கீபோர்டு அடாப்டர்களும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பின் பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் போய்விடும். ரிச்சி தெருவில் அடாப்டர் வாங்கினால் ரெகுலேட்டட் வகையாகக் கேட்டு வாங்கி, மல்டிமீட்டரில் வோல்ட்டும் முனையும் பார்த்துவிட்டே செருகுங்கள். ரெகுலேட் ஆகாத 9 வோல்ட் அடாப்டர், லோடு இல்லாதபோது பன்னிரண்டு, பதின்மூன்று வோல்ட் காட்டும். ஒரே அடாப்டரிலிருந்து கிளை ஒயர் போட்டு டிஜிட்டல் பெடலுக்கும் அனலாக் பெடலுக்கும் கொடுத்தால் மெல்லிய விசில் சத்தம் வர வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர்.

மேடையில் வரும் சத்தம் பெரும்பாலும் எர்த் பிரச்சினை. உங்கள் ஆம்புக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள், மிக்சருக்குப் போகும் வழியில் டிஐ பாக்ஸ் வைத்து அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். சத்தத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் கழற்றாதீர்கள். கையில் இரும்பு பார், மடியில் இரும்புத் தந்தி, முன்னால் உலோக மைக். உயிரோடு விளையாடும் காரியம் அது.

கேள்வி: ரிச்சி தெருவில் எக்கோ போர்டு மலிவாகக் கிடைக்கிறதே, அதை வைத்தே ஒரு பெடல் செய்துகொள்ள முடியாதா?

பதில்: முடியும், செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்த போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது பிடி2399 என்ற தைவான் சில்லு. கரோக்கே மைக்குக்காகச் செய்தது, மலிவு விலைப் பெடல்கள் பலவற்றிலும் இதுவே இருக்கிறது. 340 மில்லிசெகண்ட் வரை ஒழுங்காக வேலை செய்யும், அதற்குமேல் இழுத்தால் இரைச்சலும் கரகரப்பும் ஏறும். நான் சொன்ன 90 முதல் 130 வரைக்கு அது தாராளம். ஆனால் போர்டை அப்படியே கிட்டாரில் செருக முடியாது. மைக்குக்கு வடிவமைத்த உள்ளீடு அது, உங்கள் பிக்கப்பின் ஒலியைக் குடித்துவிடும். முன்னால் ஒரு ஜெஃபெட் பஃபர் சுற்று சேர்த்து, மொத்தத்தையும் உலோகப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். சால்டரிங் தெரிந்த நண்பர் இருந்தால் முயலுங்கள். இல்லாவிட்டால் அதே சில்லில் வரும் ஒரு மலிவுப் பெடலை வாங்கிவிடுவது நிம்மதி.

கேள்வி: டிலேயோடு ரிவெர்ப் பெடலும் வேண்டுமா? எங்கள் சபை மண்டபம் பெரியது.

பதில்: வேண்டாம். காங்கிரீட் சுவரும் உயரமான கூரையும் உள்ள மண்டபம் தானே ஒரு ரிவெர்ப். வீட்டில் ஹெட்போனில் வைத்த மிக்ஸ் அங்கே இரண்டு மடங்காகக் கேட்கும், பாதியாகக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆள் நிறைந்தபின் எதிரொலி அடங்கும், அப்போது தேவைப்பட்டால் ஏற்றலாம். சவுண்டு சர்வீஸ்காரர் பழக்கதோஷத்தில் உங்கள் சேனலிலும் மிக்சரின் எக்கோவை ஏற்றி வைத்திருப்பார். வாசிக்கத் தொடங்கும்முன் அவரிடம் போய், "அண்ணே, என் சேனல்ல எஃபெக்ட் பூஜ்யத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். எக்கோவின்மேல் எக்கோ ஏறினால் எந்தப் பெடலும் உதவாது. ரிவெர்ப் அவசியம் வேண்டும் என்று தோன்றும் சின்ன அறையில், டிலேயை அணைத்துவிட்டு மிக்சரில் உள்ள ரிவெர்பையே கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிவெர்ப் பெடலுக்கான பணத்தை மிச்சம் பிடித்து, உங்களிடம் இருப்பது சாதாரண வால்யூம் பெடல் என்றால் நல்லதாக ஒன்று வாங்குங்கள்.